அறுபது மீட்டர் மரியாதை

முன்னால் போகும் காருக்கு அறுபது மீட்டர் தள்ளித்தான் லாரி ஓட வேண்டும் என்பது சட்டம். சடையாண்டி ஓட்டும் லாரி அந்தச் சட்டத்தைத் தானாகவே கடைப்பிடிக்கும். இடைவெளியைக் கண்டதும் ஒரு கார் வந்து செருகிக்கொள்ளும். லாரி அதற்கும் அறுபது மீட்டர் விடும், தேவைப்பட்டால் ரிவர்ஸில் போயாவது. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அவர் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

விழுப்புரத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரையோடு முகூர்த்தம் முடிகிறது.

தங்கை பவுனு போனில் கத்தினாள். "அண்ணே, எங்கதான் இருக்கே?"

"உளுந்தூர்பேட்டைம்மா."

"எட்டு மணிக்கும் அதத்தானே சொன்னே?"

"அப்பத் தாண்டிட்டேன். இப்பத் திரும்பி வந்திருக்கேன்."

"நல்ல மாமன்! அங்கயே கெட. ஆசாரியையும் புள்ளையையும் ஏத்திக்கிட்டு நாங்களே வர்றோம்."

சொன்னபடி பத்தேகாலுக்கு வந்துவிட்டார்கள். கார் அண்ணனின் லாரிக்கு முன்னால் வந்து அழகாகச் செருகிக்கொண்டது. பின்கண்ணாடியில் புது மொட்டை, பக்கத்தில் ஊசியோடு ஆசாரி. "மாமா!" என்று குழந்தை இரண்டு கையையும் நீட்டியது.

லாரி சட்டப்படி அறுபது மீட்டர் பின்வாங்கியது.