சிவப்பு மண்டை போல்ட்டு

ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் துளசிராமுக்குச் சாப்பாட்டுத் தூக்கு ஞாபகம் வந்தது. மையத்துக்குள்ளேயே வைத்துவிட்டானாம்.

"நீ இறங்காத, நான் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போன அவன் அப்பா சுப்புராம், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

டீச்சர் செல்லக்கிளி தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க துளசி அளவு பார்த்துப் பிரித்துப் போட்ட போல்ட்டுகளை டப்பா டப்பாவாக எடுத்து ஒரே வாளியில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டியது போதாதென்று கையை விட்டு நன்றாகக் கலக்கியும் விட்டாள். மண்டையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிய போல்ட் ஒன்று தெறித்து, உருண்டு, அவர் காலடிக்கு வந்தது.

சுப்புராமுக்கு ரத்தம் கொதித்தது.

அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பெரியவர்கள் பகலில் வந்திருந்துவிட்டுப் போகும் மையம் அது. கோச்சடையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்தினார்கள். முப்பதைத் தாண்டிய துளசி, இங்கே சேர்ந்த பிறகுதான் தானாகக் குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போயிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லப் பழகியிருந்தான். சுப்புராமும் கல்யாண வீடுகளில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "துளசி வேலைக்குப் போறான்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுதான் நீங்க குடுக்குற வேலையா?" என்றார். "எம் மகன் பிரிக்கிறான், நீங்க கலக்குறீங்க. நாளைக்கு மறுபடி பிரிப்பான். அம்புட்டு ஏமாளியா அவன்?"

செல்லக்கிளி பதறி எழுந்தாள். "மெல்லப் பேசுங்கண்ணே. அவனுக்குக் கேட்டுறப் போகுது."

"கேக்கட்டும். நாளையில இருந்து அவன் வரமாட்டான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். வில்லாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர்தான் மூட்டை மூட்டையாகப் போல்ட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பட்டறையை மூடிவிட்டு அவர் ஊரைவிட்டே போய்விட்டார். கடைசி மூட்டையும் முடிந்த மறுநாள், இன்றைக்கு வேலை இல்லை என்று துளசியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். தூக்கைத் திறக்கவேயில்லை. வேலை பார்க்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டானாம்.

"அன்னைக்கு ஆரம்பிச்சதுண்ணே இந்தக் கலக்குறது. தப்புத்தான். எனக்கு வேற வழி தெரியல."

"வழி தெரியலைன்னா நாலு கடை ஏறி இறங்கி வேலை கேட்டிருக்கணும்."

செல்லக்கிளி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத மொத சிம்மக்கல்லுல உங்க கடையிலதான் ஏறினேன்."

சுப்புராமுக்கு நினைவு வந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்ட நேரம். கல்லா முன்னால் இதே டீச்சர் நின்றாள். அவர் கடையும் ஹார்டுவேர் கடைதான். பின்கட்டில் பிரிக்க ஆளில்லாமல் கலந்து கிடக்கும் போல்ட்டும் நட்டும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும், ஓர் அளவு மாறிப் போனால் கடைப் பேர் கெட்டுவிடும், இவர்களை நம்பி எப்படிக் கொடுப்பது என்று சொல்லித்தான் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார். இவர்கள் என்று சொன்னாரே, அதில் தன் மகனும் உண்டு என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை.

இன்று உறைத்தது.

கொட்டாமல் மிச்சமிருந்த ஒரு டப்பாவை இழுத்து, அதில் கையை விட்டார். நாற்பது வருஷமாகப் போல்ட்டு அளைந்த கை. பார்க்காமலே அளவு சொல்லும். அடிவரைக்கும் துழாவினார். எல்லாம் அரை இஞ்ச். ஒன்றுகூட மாறவில்லை.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் தூக்கை எடுத்துக்கொண்டார்.

"காலையில கடையில இருந்து மூட்டை வரும்மா. இனிமே வந்துக்கிட்டே இருக்கும். இத்தனை நாளு நடந்தது மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம். மனசு விட்டுப்போவான்."

"எஞ் சாமி சத்தியமா சொல்ல மாட்டேண்ணே."

மறுநாள் காலை சுப்புராமே மூட்டையோடு வந்து இறங்கினார். கீழே தெறித்துக் கிடந்ததையும் உள்ளே போட்டு, பழைய வாளியைச் செல்லக்கிளி முன்கூட்டியே கொண்டுபோய் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தாள். இருவரும் திருடர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துளசி புது மூட்டையைப் பிரித்தான். கைநிறைய அள்ளிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என்ன நினைத்தானோ, எழுந்து நேராக மூலைக்குப் போனான். சாக்கை விலக்கி, வாளிக்குள் துழாவி, அந்தச் சிவப்பு மண்டை போல்ட்டை எடுத்துவந்து செல்லக்கிளியின் உள்ளங்கையில் வைத்தான்.

"தெனமும் இவருதான் திரும்பத் திரும்ப வந்தாரு. பாவம், உங்களுக்குத்தான் கலக்கிக் கலக்கிக் கை வலிச்சிருக்கும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல டீச்சர். இன்னைக்காச்சும் நேரத்தோட வீட்டுக்குப் போங்க."