ஜன்னல் இல்லாத கூடம்

அப்பாவின் விரல்கள் மலையுச்சியில் தொடங்கிக் கீழே இறங்கின.

அட்டையில் செய்த மலை. அதன் சரிவில் அட்டையில் செய்த கட்டடம். குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டிய மாடல்.

பழச்சாறு ஃபேக்டரி என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

உண்மையில் அது ஒயின் தயாரிக்கிற இடம். குடி சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சையும் எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பார். இதை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது.

மேல் தளத்தில் திராட்சை வந்து இறங்கும். அடுத்த தளத்தில் நசுக்குவார்கள். அதற்குக் கீழே தொட்டிகள். மோட்டாரே கிடையாது, எல்லாம் சரிவில் தானாக வழிந்து இறங்கும். ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல எங்கள் ஆர்க்கிடெக்ட் இதை ஒரு மணி நேரம் விளக்குவார்.

“நம்ம உப்பளம் மாதிரிதாம்மா இருக்குது. ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்கு எறங்குது.”

முப்பது வருஷம் மரக்காணத்து உப்பளத்தில் மடை திறந்துவிட்டவர் அப்பா. அவருக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு மாடலை எடுத்து வைத்திருக்கலாம்.

விரல்கள் கடைசித் தளத்துக்குள் நுழைந்தன. மலையைக் குடைந்த கூடம். இருட்டாக இருந்தால்தான் ருசி தெரியும், ஜன்னலே வேண்டாம் என்று கிளையண்ட் சொல்லியிருந்தார். நீள மேசையைச் சுற்றி நக உயரத்துக்கு மனிதர்களை ஒட்டியிருந்தேன். கிளாசுக்குப் பதில் ஆளுக்கொரு பாசிமணி.

அப்பா ஒவ்வொருவராகத் தொட்டார். கையிலிருந்த மணியையும் தொட்டார்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் நாலு பேரும் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து பாக்கெட் சாராயம் குடித்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, வாசல் வெயிலில் நின்றுகொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று அப்பா என்னைக் கேட்டார். மற்ற நாலு பேரையும் அன்று சாயந்திரம் புதைத்தோம்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கூடத்துச் சுவரை நாலு பக்கமும் மெதுவாகத் தடவினார்.

“குடிக்கிற எடத்துல ஒரு ஜன்னலாவது வைம்மா. இருட்டுல ஒக்காந்துனு இருந்தா கண்ணு போறதே தெரியாது.”

வாசலில் ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. நான் அட்டை வெட்டும் கத்தியைத் தேடினேன்.