ஜாடியில் எழுதியிருப்பது

மியூசியம் அட்டெண்டர் லேபிளின் பின்புறம் பசை தடவி முடித்திருந்தார். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொன்றில் மஞ்சள் பை. கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள்.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு மியூசியத்துக்கு யாரும் அப்படி வருவதில்லை.

பொதுமக்களுக்குப் புதன்கிழமை கண்காட்சிக்குத்தான் அனுமதி என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. காலையிலிருந்து நின்று முழங்கால் கடுத்தது. ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். யாரையும் விரட்டத் தெம்பில்லை.

அவள் அலமாரியை ஒட்டி மெதுவாக நடந்தாள். பன்னிரண்டு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் பிழைக்க வழியில்லாமல் பிறந்த ஒரு சிசு. லேபிள்கள் எல்லாம் ஆங்கிலம். எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள் போலிருக்கிறது.

1997 என்று போட்டிருந்த ஜாடியின் முன்னால் நின்றுவிட்டாள்.

மண்டையின் மேற்பாதி இல்லாத சிசு. பிதுங்கிய கண்கள் மேலே பார்க்கும். முதல் வருட மாணவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை.

தணிந்த குரலில் சொன்னாள். அவரிடம் சொன்னாளா, ஜாடியிடம் சொன்னாளா தெரியவில்லை. இதே ஆஸ்பத்திரி. தலைப்பிரசவம். துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். அவளுக்குக் காட்டவில்லை. புருஷன் எதிலோ கையெழுத்துப் போட்டான். பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வார்டு பெருக்க வந்தவள்தான் பிறகு சொன்னாள்.

அப்புறம் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வாயில் ஒரு பிள்ளையைக் கடித்தபடி, இடுப்பில் இன்னொன்றை வைத்திருக்கும் அம்மன். ஊரே பயப்படும். பிள்ளைவரம் கேட்பதும் அவளிடம்தான். பிறந்த மகளுக்கு இசக்கியம்மாள் என்றே பெயர்.

அந்த மகளுக்குத்தான் இப்போது மாடியில் வலி கண்டிருக்கிறது. சம்பந்தியம்மாள் காதில் பழைய கதையை யாரோ போட்டுவிட்டார்கள். அந்த வயிற்றில் பிறந்தவள்தானே, இவளுக்கு என்ன பிறக்குமோ என்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாளாம்.

"இதுல என்ன எளுதியிருக்கு, அண்ணாச்சி?"

மான்ஸ்டர் என்று எழுதியிருந்தது.

பழைய மருத்துவப் புத்தகச் சொல். எப்போதோ ஒரு பேராசிரியை அவருக்கு விளக்கியிருக்கிறார். லத்தீனில் எச்சரிக்கை என்று அர்த்தமாம். இப்படி ஒன்று பிறந்தால், வரப்போகும் கேட்டைத் தெய்வம் முன்கூட்டிச் சொல்கிறது என்று நம்பிய காலத்துப் பெயர். நம் ஊரில் உற்பாதம் என்றார்கள். விஞ்ஞானம் வந்தது. நம்பிக்கையை விட்டது, பெயரை வைத்துக்கொண்டது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஒரு மாத்திரை சாப்பிட்டால் இந்தக் குறையைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதும் லேபிளை யாரும் மாற்றவில்லை.

அவர் கையில் இருந்தது அதன் தமிழ். கண்காட்சிக்காக ஆபீஸிலிருந்து வந்த சொற்பட்டியலைப் பார்த்து எழுதியது.

அரக்க உரு.

அரக்கர்களை அவருக்குத் தெரியும். வருஷம் தவறாமல் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்க்கிறவர். சூரனுக்குக்கூட அம்மா உண்டு. அவளுக்குப் பெயர் உண்டு. கூடப்பிறந்தவர்கள் உண்டு. இந்தப் பன்னிரண்டுக்கும் எண் மட்டும்தான்.

கையை மூடிக்கொண்டார். பசை உள்ளங்கையில் ஒட்டியது.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆங்கில லேபிளைப் பார்த்தபடியே வாசித்தார்.

"பொம்பளப் பிள்ளை. எட்டு மாசம்."

இரண்டும் பொய்யில்லை. வருடாவருடம் ஜாடியைத் திறந்து திரவம் மாற்றுகிறவர் அவர்தான். அப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் பொய்.

அவள் ஜாடிக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

"ராட்சசன்னுல்லா சொன்னாவ."

இருபத்தேழு வருடமாக அவளுக்கு அது ஆண்.

முந்தானையால் ஜாடியைத் துடைத்தாள். காலையில்தான் அவர் துடைத்து வைத்திருந்தார். அதில் தூசியே இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைத் தேடினாள். புதன்கிழமை எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைப்பார்கள் என்று வெளியே போர்டில் படித்தாளாம். அன்றைக்குச் சம்பந்தியம்மாளைக் கையோடு கூட்டிவருவாளாம். தான் சொன்னால் நம்பமாட்டாள், அவளே வாசிக்கட்டும் என்றாள்.

அவர் தலையாட்டினார்.

அவள் படியேறிப் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்தார். காகிதம் கசங்கிப்போயிருந்தது. மை விரல்களில் இறங்கியிருந்தது. மேசையில் இன்னும் பதினொரு லேபிள்கள். பதினொன்றிலும் அதே சொல்.

சொற்பட்டியலை மீறினால் மெமோ வரும். பென்ஷன் ஃபைலும் அதே ஆபீஸில்தான் கிடக்கிறது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே பதினொன்றையும் கிழித்தார்.

புதிதாக எழுதினார்.

பெண் குழந்தை. எட்டு மாதம்.

ஆண் குழந்தை. ஏழு மாதம்.

ஜாடிகளைப் பார்க்க ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டும் அவருக்கு மனப்பாடம். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பழைய லேபிளை எடுப்பதுதான் மிச்சம். 1997 ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தார். ஈரத்துணியால் ஊறவைத்து, பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், பக்கத்து ஜாடியைப் பார்த்து, எழுத்து கோணாமல் அவரே எழுதிய லேபிள்.

லேசில் வரவில்லை.