கழிவறையில் எடுத்த படம்

“ஸ்கூல் திறந்ததுலேர்ந்து உங்க ஆள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. நேத்து பிள்ளைங்க கழிவறைக்குப் போக முடியாம வயித்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க!” தலைமையாசிரியை பொரிந்து தள்ளினார்.

பள்ளியைச் சுத்தம் செய்யும் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த கம்பெனியின் மேற்பார்வையாளர் அசரவில்லை.

“எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசாதீங்க மேடம். காலையில நானே வந்து பார்த்தேன். எங்க ஆள் கழுவிட்டுத்தான் இருந்தாங்க. படம் எடுத்து மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு.”

செல்போனை நீட்டினார். தலையில் பச்சைத் துண்டு, இழுத்துச் செருகிய சேலை, கையில் துடைப்பம். முதுகு மட்டும் தெரிந்தது.

“இவங்க உங்க ஆளா?”

“பின்னே? வருஷக்கணக்கா எங்ககிட்டதான் இருக்காங்க. தங்கமான பொம்பளை. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.”

“கூப்பிட்டுப் பேசினீங்களா?”

“வேலை செய்யறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

தலைமையாசிரியை எழுந்தார். ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பச்சைத் துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டார். மேற்பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“இப்ப நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. உங்க கம்பெனில நான் எப்ப சேர்ந்தேன்?”