ஊருக்கே தெரிந்த முகம்

"எவனோ என்னை போட்டோ எடுத்து ஊரு பூரா அனுப்பிட்டிருக்கான் ஷைலா!"

செருப்பைக் கழற்றாமலே கத்தினான் ஜெயகரன். சலூனில் பக்கத்து நாற்காலிக்காரனுடைய போனில் தன் முகத்தையே பார்த்துவிட்டு வந்திருந்தான். ரயிலில் வாயைப் பிளந்து தூங்குகிற முகம்! என்னவென்று கேட்பதற்குள் அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். ஜெயகரனிடம் இருப்பதோ பட்டன் போன்.

"உங்க மூஞ்சிய அனுப்பி யாருக்கு இன்னா ஆவப் போவுது?" என்றாள் மனைவி.

"ரெண்டு வாட்டி தூங்கி ஒயிட்ஃபீல்டத் தாண்டிப் போயிட்டேன். இன்னொரு வாட்டி லேட்டுன்னா வேலைக்கே வராதன்னுட்டாரு சூப்பர்வைசர். இந்த போட்டோ அந்தாளு கையில கெடைச்சா?"

பகலில் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் கம்பெனி வேலை, சாயந்திரம் தொட்டு ஏ.டி.எம். காவல். ரயிலை விட்டால் அவனுக்குத் தூங்க வேறு இடம் ஏது?

அப்புறம் அவன் குடியிருக்கும் பாலகாட்டில் அவனைப் பார்க்காத கண்ணே இல்லை. டீக்கடையில், "இன்னாண்ணே, நல்ல தூக்கமா?" என்றார்கள். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால், சபையே ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. தெருநாய் ஒன்று அவனை உற்றுப் பார்த்து, வாயைப் பிளந்து காட்டிவிட்டுப் போனது.

ரயிலிலோ முன்பின் தெரியாதவனெல்லாம் தோளைத் தட்டிப் பல்லைக் காட்டினான்.

"அத்தினி பேரும் சூப்பர்வைசர் ஆளுங்க!" முடிவே கட்டிவிட்டான்.

திங்கட்கிழமை மீசையை மழித்தான். குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க். மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஒருத்தர் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ஜெயித்த நிம்மதியில் கடைசிப் பெட்டியில் ஏறிக் கண்ணை மூடினான்.

"சார்... சார்..."

எதிரே வினோலியா. சர்ச்சில் ஷைலாவோடு பாட்டுப் பாடுகிறவள். மூச்சு வாங்க, போனை நீட்டினாள். அதே போட்டோ.

"இவரை எங்கனா பார்த்தீங்களா? எல்லாப் பொட்டியும் தேடிட்டேன்."

குரலை மாற்றிக்கொண்டான். "எதுக்கு?"

"ரெண்டு வேலை பார்க்கறாரு சார், அசந்துடறாரு. வேலை பூடும்னு அவரு சம்சாரம் ஒரே அழுவை. அதான் நானே போட்டோ எடுத்து ரயில் குரூப்ல போட்டேன், யாரு பார்த்தாலும் ஒயிட்ஃபீல்டுல எழுப்பி விடுங்கன்னு. ரோசக்காரரு, அவருக்கு மட்டும் சொல்லல. பத்து நாளா மாத்தி மாத்தி எழுப்பினோம், இன்னிக்கு ஆளையே காணோம். ஒயிட்ஃபீல்டுல எறங்கினாரா சார்?"

ஒயிட்ஃபீல்டு எப்போதோ போய்விட்டது; ஜன்னலில் கன்டோன்மென்ட் போர்டு நகர்ந்துகொண்டிருந்தது.

மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டான் ஜெயகரன்.

"எறங்கிட்டாரும்மா. நல்லா முழிச்சிக்கினுதான் இருந்தாரு."