கூரைக்குள் போன மாலை

கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூஜை. வி வடிவ எஞ்சின், எட்டு சிலிண்டர், அறுநூறு குதிரைத்திறன் என்று ஷூக்காலோடு நின்ற ஷோரூம்காரர் அர்ச்சனைபோல ஒப்பித்தார். குருக்கள் அசரவில்லை. முகப்பில் போடவேண்டிய சம்பங்கி மாலையைக் கூரைமேல் சாத்திவிட்டார். காரை வாங்கிய உமையாள் அதைக் கவனிக்காமல் கூரையை மடக்கும் பொத்தானை அழுத்தினாள். கூரை எழுந்து, மடிந்து, மாலையோடு பின்பக்கம் போய் மறைந்தது.

“ஐயோ, மாலை அறுந்தா ஆகாதே!” என்று பதறினாள் அவள் அம்மா.

“மறுபடி மூடும்மா,” என்றார் குருக்கள் உமையாளிடம்.

கூரை விரிந்து வந்தது. மாலையில் ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை. ஒரு பூவுக்குள் தலையை விட்டிருந்த தேனீ இன்னும் தேன் குடித்துக்கொண்டிருந்தது.

“இதை நீங்க சொல்லவே இல்லையே, தம்பி,” என்றாள் அம்மா.

ஷோரூம்காரர் குனிந்து ஷூவைக் கழற்றினார்.