மூன்றாம் மேசையில் ஒரு குரல்

“ஆள் இல்லாத இடத்தில் குரல் ஏதும் கேட்கிறதா?” என்று வைத்தியர் ஒருவர் மக்டலீனிடம் முன்பு கேட்டிருந்தார். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு அகதியாக வந்த புதிதில், நித்திரை வராமல் தவித்த காலம் அது. இல்லை என்று தலையாட்டினாள். அன்று அது உண்மை.

இன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பாள். சூதாட்ட மண்டபத்தின் மூன்றாம் சீட்டு மேசையருகே, வெறும் கிளாஸ்களைப் பொறுக்கும் தட்டத்துடன் நின்றவளின் காதுக்குள் அந்தக் குரல் மறுபடி வந்துவிட்டது.

“எடு,” என்றது.

அவளுடைய கை தன்பாட்டில் நீண்டு ஒரு கிளாஸை எடுத்தது. திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தாள். மேசையில் ஒருவருடைய உதடும் அசையவில்லை. மண்டபத்து இரைச்சல்கூடத் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் மங்கிக் கிடந்தது. அந்தக் கிசுகிசுப்பு மட்டும் தெளிவாக, தமிழில், மண்டைக்குள்ளேயே கேட்டது.

தேவாலயத்திலிருந்து நேரே வந்ததுகூட உதவவில்லை. பின்னேரப் பூசை முடிகிற நேரம் கூட வேலை செய்யும் லவினியா தொலைபேசி எடுத்து, தனக்குக் காய்ச்சல், இன்றைக்கு மட்டும் தன் வேலையைச் செய்து தரும்படி கெஞ்சியிருந்தாள். அந்தத் தேவாலயத்தில் அவளைப்போலக் காது கேளாமல் மெசின் போட்டவர்களுக்கென்று நிலத்தில் கம்பி ஓட்டியிருக்கிறார்கள். மெசினில் உள்ள சின்னப் பொத்தானை அமத்தினால் மற்றச் சத்தமெல்லாம் ஒதுங்கி, சுவாமியாரின் குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் வரும். இன்று பயப்பட வேண்டாம் என்றுதான் பிரசங்கம் வைத்தார். அது ஒன்றுதான் அவளால் ஏலாமல் இருந்தது.

முதல்முறை கேட்டது இரண்டு கிழமைக்கு முன்பு, இதேபோலப் பூசை முடித்து வேலைக்கு வந்த ஞாயிறன்று, இதே மேசையில். வீட்டுக்குப் போய்க் கணவர் கிறிஸ்ரியனிடம் மட்டும் சொன்னாள். டாக்சி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே இருந்தார்.

“ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்,” என்றார் பிறகு. “சுஜானி அறிஞ்சா பிள்ளையை உம்மட்ட விடுவாளே?”

சுஜானி அவர்களுடைய மகள். அவள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது மக்டலீன்தான். பைத்தியம் என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தப் பிள்ளையை இனித் தூக்கவே முடியாது. எல்லாம் களைப்பால் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிடும் என்று கிறிஸ்ரியன் ஆறுதல் சொல்ல, அவளும் விட்டாள். இன்று வந்தது அவருக்குத் தெரியாது.

“என்ன அன்ரி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?”

யூட் பின்னால் வந்து நின்றான். இங்கே பிறந்து வளர்ந்தவன், மண்டபத்துக் கண்காணிப்பாளன். ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிப்பது அவனுடைய வேலை. சீட்டை மனதுக்குள் எண்ணி விளையாடினால் குற்றமில்லை, வெளியே போகச் சொல்லத்தான் முடியும், ஆனால் கருவி ஏதும் கொண்டுவந்தால் பொலிஸ்தான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பான். சட்டைப் பொத்தானில் கமெரா, சப்பாத்துக்குள் கணினி என்று எல்லாம் பிடித்தவனாம். பிறகு அவளுடைய காதைக் காட்டி, இந்த அன்ரியையும் மேசையில் இருத்த ஏலாது, மெசினோடுதான் வருகிறா என்று பகிடி விடுவான்.

களைப்பு, வேறொன்றுமில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள்.

“போதும்,” என்றது குரல்.

மேசையில் சாம்பல் கோட்டு அணிந்த ஒருவன், இனிச் சீட்டு வேண்டாம் என்று கையை அசைத்தான்.

மக்டலீன் அசையாமல் நின்றாள். அடுத்த ஆட்டம் தொடங்கியது. குரல் எடு என்றது. கோட்டுக்காரன் விரலால் மேசையைத் தட்ட, சீட்டு வந்தது. மறுபடி எடு என்றது, மறுபடி தட்டினான். போதும் என்றது, கையை அசைத்தான்.

அவளுடைய விரல் மெதுவாகக் காதுக்குப் போயிற்று. தேவாலயத்தில் பொத்தானை அமத்தியவள் அதை மாற்றவே இல்லை. முதல்முறை கேட்ட அன்றைக்கும் மாற்றவில்லை. குரல் அவளுடைய தலைக்குள் இல்லை. எவனோ எங்கோ இருந்து இந்த மனிதன் காதுக்குள் ஒளித்து வைத்த கருவிக்குச் சொல்வது, சுவாமியாரின் குரல் விழுவதுபோலவே அவளுடைய மெசினிலும் விழுகிறது.

கண்ணில் நீர் முட்டியது. அவளுக்கு ஒன்றும் இல்லை. இனி எதையும் ஒளிக்கத் தேவையில்லை, பிள்ளையையும் ஒருத்தரும் பறிக்கப்போவதில்லை. யூட்டைக் கூப்பிடுமுன் அந்த மனிதனின் முகத்தை வடிவாகப் பார்த்து வைத்துக்கொள்ள நினைத்து, மேசையைச் சுற்றிப் போய் அவனுக்கு நேர்முன்னால் நின்றாள்.

குரல் சட்டென்று நின்றது. திரும்ப வந்தபோது அது கிசுகிசுக்கவில்லை.

“டேய், எழும்பு. முன்னால நிக்கிறது என்ர மனிசி.”

சாம்பல் கோட்டுக்காரன் எழும்பிப் போனான்.